ஐம்பது கிராம்

ஹட்டனில் ராத்திரி ஒன்றரைக்கு
நான் பாணுக்கு மா பிசையும்போது
சந்தனமேரி லயத்தில்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு முழித்திருப்பாள்.
மூன்று வருஷம் அப்படி.
அல்சர் என்றார்கள், பூச்சி என்றார்கள்,
மாரியம்மன் கோயில் பூசாரி கண்ணூறு என்றார்.

கண்டி ஆஸ்பத்திரியில்தான் பேர் சொன்னார்கள்.
அந்தப் பேர் என் வாயில் நிற்கவில்லை.
டொக்டரம்மா சுருக்கிச் சொன்னார்:
கோதுமை கூடாது. பாலும் கூடாது, இப்போதைக்கு.
உடம்பு கரைந்து போயிருக்கு, புரதம் வேணும்,
ஒரு நாளைக்கு ஐம்பது கிராமாவது.
"நீங்க என்ன வேலை?"
பேக்கரி என்றேன்.
பேனையை மூடி வைத்தார்.

ரொட்டி இல்லாமல் மலை ஏறியவர் யார் இங்கே?
விடிய நாலு மணிக்கு
ரொட்டி, கட்டச்சம்பல், பால்மா போட்ட தேத்தண்ணி.
பெரட்டுக்கு முதல் அதுதான் உடம்பு.
அந்த மூன்றில் அவளுக்கு மிஞ்சியது
கட்டச்சம்பல்.
மிளகாயில் எத்தனை கிராம், சொல்லுங்கள்.

கிலோவில் எண்ணியே பழகியவள்.
பதினெட்டுக் கிலோ கொழுந்தென்றால் முழுப்பேர்,
பதினேழென்றால் அரைப்பேர்.
இப்போது கிராமில் எண்ணுகிறாள்
கலண்டர் தாளின் முதுகில், மகனுடைய பென்சிலால்.
முட்டை ஒன்று, ஆறு.
கச்சான் ஒரு பிடி, ஏழு.
(யார் பிடி? என் கையென்றால் பத்து.)
பயறு, பருப்பு, மறுபடியும் பருப்பு.
நெத்தலி, சம்பளம் எடுத்து ரெண்டு நாளைக்கு மட்டும்.
முப்பத்தொன்று. முப்பத்து நாலு.
ஒருநாள் நாற்பத்தாறு வந்தது.
அது மகனுக்கு வைத்த முட்டை என்று
ராத்திரியே அழித்துவிட்டாள்.

ரெண்டு மாசம் இப்படித் தின்றும்
வயிறு ஆறவில்லை.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
அடுப்படிச் சாமான் எல்லாவற்றையும் வாசலுக்கு எடுத்துவந்து
வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன்.
சோயா மீட் பக்கெட்டில் இருந்தது, அது போகட்டும்.
பெருங்காயம்!
பருப்பு வாயுவாகிவிடுமே என்று
அவளே கிள்ளிக் கிள்ளிப் போட்டது.
எறும்பெழுத்தில், நாலாவது வரியில்,
கோதுமை மா.
டப்பாவைக் கானுக்குள் எறிந்தேன்.
பிறகு என் சட்டையைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து
பீலிக்கரையில் தொடங்குகிறது என் வீடு.
விடிய அஞ்சரை, பனி,
பல் கிட்டக் கிட்ட
தலை, காதுமடல், நகக்கண், புருவம்.
சட்டை வெளியே கொடியிலேயே கிடக்கும்.
ராத்திரி எங்கே போய்விட்டு வாறான் இவன் என்று
பக்கத்துக் காம்பராவில் சிரிக்கிறார்கள்.
முன்பெல்லாம் என் கழுத்தில் முகத்தை வைத்து
பாண் வாசம் என்பாள்.
இப்போது சொல்வதில்லை.
நானும் கேட்பதில்லை.

நேற்று நல்ல மழை.
கொழுந்து நிறுக்கிற இடத்தில்
சாக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு
தராசுக் கொக்கியை ரெண்டு கையாலும் பிடித்து
காலை மடக்கித் தொங்கினாளாம்,
அத்தனை பேரும் பார்க்க.
முள் ஆடி ஆடி நாற்பத்து மூன்றில் நின்றதாம்.
கண்டியில் முப்பத்தெட்டு.
கணக்கப்பிள்ளை புத்தகத்திலிருந்து நிமிராமலே
"ஈரத்துக்கு ரெண்டு கழிக்கணும்" என்றாராம்.
சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், இருமல் வரும்வரைக்கும்.
கழித்தாலும் மூன்று மிச்சம்தானே என்றாள்.

பிறகு சட்டியை எடுத்து
நாளைக்குக் கடலை ஊறப்போட்டாள்,
தன் கையால் ஒரு பிடி.
கொஞ்சம் யோசித்து
உங்க கையாலயும் ஒண்ணு போடுங்க என்றாள்.
நான் கிட்டப் போகவும்
சட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு
கேட்டாள்:
கழுவியாச்சா?