பதினோரு எட்டு வடக்கே

வானத்தை விசாரிக்க
நில அளவையாளன் எதற்கு என்று கேட்டேன்.
"அவள் நின்ற இடம் தெரிந்தால்தானே ஓய்
அது நின்ற இடம் தெரியும்"
என்றார் துணை வட்டாட்சியர்.
சரியான பேச்சுதான்.
சங்கிலியும் புலப்பட நகலுமாக
இட்டமொழிக்குக் கிழக்கே ஜீப்பில் போனோம்.

ஆடி மாதம்.
முருங்கைப் பூவெல்லாம் வரப்பில் கிடந்தது.
காற்றில் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.
சுயம்புக்கனி இரண்டு முறையும் ஒன்றையே சொன்னாள்:

"மும்முனைக் கரண்டு ரெண்டே முக்காலுக்கு வரும் சார்.
மோட்டாரப் போடக் கிணத்து மேட்டுல நிக்கேன்.
அந்தா, அந்த ஒத்தப் பனைக்கு எடப்பக்கம்
பாதிப் பனை ஒசரத்துல நிக்கி.
நுங்கத் தோல் சீவுனா இருக்குமே, அந்த வெளுப்பு.
சத்தமே இல்ல.
காத்தாடிச் சத்தமும் இல்ல. ஆடியில, சார்!
பெறவு வாளி ஏறுத மாதிரி மேல போச்சு.
யாரோ கயித்த இழுக்க மாதிரி
நின்னு நின்னு."

விஜயநாராயணத்துக் கடற்படைக்காரர் கேட்டதை
கியூ பிரிவுக்காரர் தமிழில் கேட்டார்.
ட்ரோனா?
"கல்யாண வீட்ல விடுதாவல்லா. அது கொசு மாதிரி இரையும்."
குடிப்பழக்கம் உண்டா?
"எனக்கா, அதுக்கா?"
கணவர்?
"தம்மாம்ல."
ஏன் படம் எடுக்கவில்லை?
"எடுக்கணும்னு தோணல சார். பாக்கணும்னுதான் தோணுச்சு."

பொருளின் தன்மை என்ற கட்டத்தில்
எழுத்தர் 'நுங்கு' என்று எழுதி
அதை அடித்துவிட்டு
'வெண்மை' என்று எழுதினார்.

அன்றைக்கு நின்ற மாதிரி நில்லும்மா என்றேன்.
செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு
கிணற்று மேட்டில் ஏறி நின்றாள்.
நான் நகலை விரித்தேன். காற்று பிடுங்கியது.
நான்கு மூலைக்கும் கல் வைத்துப் பார்த்தேன்.
கிணறு அவள் பட்டாவில் இல்லை.
ஓடைப் புறம்போக்கில் இருந்தது,
துவளைக் கல்லும் மோட்டார் அறையும் சேர்த்து.
மாமனார் காலத்தில் வெட்டியது.
அந்த ஓடையில் தண்ணீரைக் கண்டவர் யாருமில்லை.

வரைபடம் ஆட்சியர் மேசைக்குப் போகும்.
அவள் கிணற்றடியில் நின்றால்
கிணறும் கூடவே போகும்.

பதினோரு எட்டு வடக்கே நடந்தேன்.
முருங்கை வரிசைக்குள், அவள் சொந்த மண்ணில்
ஒரு முளையடித்தேன்.
யாரும் பார்க்கவில்லை.
எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள்.

நினைத்துப் பார்க்கவில்லை நான்.
அந்த முளையிலிருந்து பனைக்கு இடப்பக்கமாகக் கோடு இழுத்தால்
அது நேராகப் போய்
முப்பத்தெட்டாம் காத்தாடியின் உச்சி விளக்கில் முட்டுகிறது.

அதன் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது.
புழுதி வழியே சிவப்பு விளக்கு வெளுத்துத் தெரியும் என்றார்கள்.
ஏறியது கண்மயக்கம்.
அந்த நேரத்தில் பதினெட்டுக் காத்தாடியும்
நான்கு நிமிடம் சுழியம் காட்டிய பதிவேடு
பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது,
ஓரத்தில் 'காற்றில்லை' என்ற குறிப்போடு.
கோப்பு முடிந்தது.

கையெழுத்துப் போட தாலுகா ஆபீசுக்கு வந்தாள்.
வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"நான் நின்ன எடம் இது இல்லல்லா சார்."
நான் மேசையில் இல்லாத எதையோ தேடினேன்.
"கிணறு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஃபேன் ஓடியது.
முழுப்பெயரை எழுதினாள்.
புள்ளியைக் குத்தி வைத்த வேகத்தில்
அடித்தாளிலும் அது விழுந்திருந்தது.
வாசல்வரை போய்த் திரும்பி
"விளக்கு எப்படி சார் மேல போவும்?" என்றாள்.
என்னைக் கேட்ட மாதிரியும் இல்லை.

என் அளவைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்
பென்சிலால் மற்றக் கோட்டையும் போட்டு வைத்திருக்கிறேன்.
கிணற்று மேட்டில் தொடங்கி
பனைக்கு இடப்பக்கமாக,
முப்பத்தேழுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவே
எதிலும் முட்டாமல்
விளை, தேரி, உவரிக் கடல்.
அதற்கு மேல் தாள் இல்லை.