நிழல் அறிக்கை

யீஷூனில் அந்தப் புளோக்கின்
கிழக்குச் சுவர் செங்கல் நிறம்.
செங்கல் இல்லை.
தட்டினால் கண்ணாடிச் சத்தம் வரும்,
யாரும் தட்டிப் பார்ப்பதில்லை.
சூரியசக்தித் தகடென்றால்
கூரைமேல் மல்லாந்து கிடக்கும் என்று நினைக்கிறவர்கள்
தினமும் அதன் ஓரமாய் நின்றுதான்
பேருந்துக்கு நேரம் பார்க்கிறார்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள்.
இங்கே சுவர் இருந்தால்தான் லிஃப்ட்.

என் வேலை சுவரும் இல்லை, சித்திரமும் இல்லை.
உட்லண்ட்ஸ் அலுவலகத்தில் ஒரு திரை,
அதில் குன்றுபோல் ஏறி இறங்கும் ஒரு கோடு.
மார்ச் முதல்
செவ்வாயும் சனியும் காலை ஒன்பதே முக்காலுக்கு
குன்றில் ஒரு பல் விழுந்திருந்தது.

மேகம் என்றார் மேலாளர்.
மேகம் கிழமை பார்த்தா வரும்?
இணைப்பு தளர்ந்திருக்கும் என்ற ஹஃபிஸுதீன்
கயிற்றில் தொங்கி
ஒவ்வொரு திருகாணியாய் முறுக்கிவிட்டு
சட்டையைப் பிழிந்தபடி இறங்கினான்.
பல் அப்படியே.

ஒரு சனிக்கிழமை நானே போய்
எதிர் வாகன நிறுத்தத்தின் மேல்தளத்தில் நின்றேன்.
ஏழாம் மாடிச் சன்னல் திறந்தது.
ஒரு கை. ஒரு மூங்கில் கழி.
பேருந்து ஓட்டுநரின் சட்டைகள் நான்கு,
ஒரு பாத்திக் சாரோங்,
உள்வெளியாய்த் திருப்பிய ஜீன்ஸ்.
ஆறாம் மாடிச் சுவரில் அவை
இன்னொரு முறை, கறுப்பாய், காய்ந்தன.

தகடுகள் கைகோத்து நிற்பவை.
ஒன்று கண்ணயர்ந்தால் வரிசையே சோம்பும்.
கைபேசியில் எண் சரிவதைப் பார்த்தேன்.
சட்டை நுனியில் சொட்டு நின்றுபோவதையும் பார்த்தேன்.
அதே வெயில்.
அந்தப் பக்கத்துக்கு யார் மீட்டர் வைத்தது?

தற்காலிக நிழல் என்று அறிக்கை எழுதினேன்.
காரணம் கேட்ட கட்டத்தில்
பருவநிலை என்று போட்டேன்.

ஜூலையில் பல் முளைத்துவிட்டது.
கோடு வழவழவென்று, பாடப்புத்தகத்தில் வரைந்ததுபோல்.
"சரியாகிவிட்டதே, இன்பவல்லி!"
மேலாளர் என் மேசையில் தட்டிவிட்டுப் போனார்.
சனி வந்தது, செவ்வாய் வந்தது,
மறுபடி சனி.
குறையே இல்லாத திரையை
நகம் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.
யாரிடம் போய்க் கேட்பது,
எந்தப் பெயரைச் சொல்லி?

பன்னிரண்டாம் நாள், புதன்,
கோடு இதுவரை விழாத பள்ளத்தில் விழுந்தது.
பாதி வரிசை போயிற்று.
எச்சரிக்கை மணி அலறியது.
ஆழத்தைக் கணக்குப் போட்டேன்:
இரண்டு பெட்டி நிறையப் பயணம்,
துண்டுகள், சின்ன உருப்படிகள்,
போர்வைகூட இருக்கும்.

மணியை நிறுத்திவிட்டு
ஒரு தே ஓ வாங்கக் கீழே இறங்கினேன்.