எல்லாத் தரைக்கும்

பேர்ணாம்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
அத்தீக் பாய் கடை.
வாசலில் அடுக்கிய டயர்களுக்கு
இன்னும் முடி உதிரவில்லை.
புது ரப்பரின் அந்த மெல்லிய மயிர்களை
விரலால் நீவிக்கொண்டே பேசுகிறார்
தட்சணாவிடம்.

வண்டி ஓட்டுவது நான்.
தட்சணா தக்காளிக் கிரேட் ஏற்றிக் கயிறு கட்டி
பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டு வருகிற ஆள்.

"இது ரிப். ரோட்டுக்கு ராஜா.
டீசல் மிச்சம், சத்தமே இருக்காது.
இது பட்டன். சேத்துக்கு.
தார்ல விட்டா ஊளையிடும், சீக்கிரம் மழுங்கும்.
இது ரெண்டுக்கும் நடுவுல. ஆல் டெரைன்.
எல்லாத் தரைக்கும்."

எல்லாத் தரைன்னா எந்தெந்தத் தரை, பாய்?

அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

பத்தலப்பல்லி மலையேறி
தமிழ் போர்டு முடிந்து தெலுங்கு போர்டு தொடங்குகிற இடத்தில்
தாரின் நிறம் மாறும்.
டயர் சத்தமும் மாறும்.
"ஆந்திரா வந்துடுச்சு" என்பான் தட்சணா
கண்ணைத் திறக்காமல்.
அது ஒரு தரை.
எர்ரப்பா தோட்டத்துக்கு இறங்குகிற களிமண்
மழை பெய்தால் சோப்பு
காய்ந்தால் ரம்பம்.
அப்புறம் அந்த ஏரிக்கரை, அரை கிலோமீட்டர்,
இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் முள்.
யானை நடந்துபோன ராத்திரிக்கு மறுநாள்
ஒவ்வொரு குழியும் ஒரு அண்டா.
அதையும் தரை என்றுதான் சொல்லவேண்டும்.

நாற்பத்தாறு கிலோமீட்டர் தார்.
மூன்று கிலோமீட்டர் மண்.
கணக்குப் பார்த்தால் ரிப் போதும்.
கணக்குப் பார்த்துத்தான் போன ஐப்பசியில்
அறுபது கிரேட்டோடு
எர்ரப்பா மாட்டுக்கொட்டகைக்கு நேரே புதைந்தேன்.
சுற்றிய இடத்திலேயே சுற்றிச் சுற்றி
தன் குழியைத் தானே பறித்தது சக்கரம்.
எர்ரப்பாவின் மருமகள் சௌடம்மா
வைக்கோலைப் போட்டாள், பலகையைப் போட்டாள்,
கடைசியில் தெலுங்கில் திட்டினாள்.
வண்டியையா என்னையா, தெரியவில்லை.
டிராக்டர் வருவதற்குள் விடிந்துவிட்டது.

முந்தின நாள் கிலோ இருபத்தெட்டு.
காலை ஒன்பது மணிக்கு மண்டியில் பதினொன்று.
அந்தப் பதினேழு ரூபாயை
எந்தக் கிலோமீட்டரில் எழுதுவது?

தட்சணா விலை கேட்டான்.
நாலுக்கும் சேர்த்து பாய் சொன்ன தொகையில்
வண்டித் தவணை இரண்டு அடங்கியது.
டீ வந்தது. ஆறியது.
டயர் ஓரத்தில் நாலு எண்ணைக் காட்டினார் பாய்:
போன வருஷம், பதினோராவது வாரம்.
"பொறந்த தேதிம்மா இது."
என் மகளும் மார்ச் நடுவில் பிறந்தவள்தான்.
அதற்காக வாங்க முடியுமா.

பின்னால் ரெண்டு மட்டும் போடுங்க, என்றேன்.
முன்னால் பழைய ரிப்பே ஓடட்டும்.
"முன்ன ஒரு ஜாதி, பின்ன ஒரு ஜாதியா?
கம்பெனி ஒத்துக்காதும்மா."
கம்பெனி வந்து தவணை கட்டட்டும்.
தள்ளுகிறது பின்சக்கரம்தானே, பாய்.

அவர் சிரிக்கவில்லை.
ஆனால் ஜாக்கியை எடுத்து வரச்சொல்லி
பையனைக் கூப்பிட்டார்.

அன்று ராத்திரியே முதல் லோடுக்குக் கிளம்பினோம்.
காலி வண்டி. பின்னால் புது ரப்பர்
தேன்கூட்டைக் கட்டி இழுத்து வருகிற மாதிரி
ஒரே ரீங்காரம்.
தட்சணாவுக்குத் தூக்கம் வரவில்லை.
துண்டை மடித்துத் தலைக்கு வைத்துப் பார்த்தான்.
உருவி எறிந்தான்.
மூன்றாவது வளைவில் பேச ஆரம்பித்தான்,
மகளுக்குப் பல் விழுந்ததை,
பாலாமணி சீட்டுப் பணத்தை,
ஒரு தடவை நான் பிரேக் போட்டதில்
அவன் கனவில் மாடு குறுக்கே வந்ததை.
நாலு வருஷமாகப் பக்கத்திலேயே இருந்தவன்
இவ்வளவு வைத்திருந்தானா.

மேலே மரங்கள் விலகி வானம் தெரிந்தபோது
கேட்டான், கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு:
"ஆந்திரா வந்துடுச்சா?"

பின்சக்கரத்துக்கு எல்லாம் ஒரே தரை.
அது ஒரே ராகத்தில் போய்க்கொண்டிருந்தது.
முன்னால் இருப்பது பழையது.
ஸ்டீயரிங் வழியாகக் கைக்குத் தெரிந்தது.

கொஞ்ச நேரம் நான் சொல்லவில்லை.