இந்தக் கிழமை பார்த்தவை

முதலில் அந்தக் கொலைத் தொடர்.
நோர்வேயோ சுவீடனோ, எட்டுப் பாகமும் ஒரே பனி.
ஐஸ் கொம்பனியில் கணக்கு எழுதுகிறவளைப்
பனியைக் காட்டிப் பயமுறுத்த ஏலாது.
கொலைகாரன் ஆரென்று இரண்டாம் பாகத்திலேயே தெரியும்.
கேளாமல் எல்லோருக்கும் கோப்பி ஊற்றிக் குடுக்கிற
அந்த நல்ல மனுசன்தான்.
மிச்ச ஆறு பாகமும்
பொலிஸ்காரிக்கு அது விளங்கட்டும் என்று காத்திருந்தேன்.
அவளுக்கு விளங்கினபோது மணி மூன்றரை.
திருக்கடலூர்ப் பக்கம் போட் இயந்திரங்கள்
இருமித் தொடங்கிவிட்டன.

அடுத்த நாள் டேட்டா முடிந்துபோனது.
நிரூபன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதுவும் பார்த்த படம்தான்.

கொரியன் நாடகம் ரினோசா தந்தது.
கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும்போதே
பாதி பார்த்து, பாதி அழுது வருவாள்.
கையைப் பிடிக்க அவனுக்கு ஒன்பது பாகம் தேவைப்பட்டது.
“இதெல்லோ மரியாதை” என்றாள்.
“இதெல்லோ பதினாறு பாகம்” என்றேன்.
ஆனால் குடையை அவளுக்குக் குடுத்துவிட்டு
மழைக்குள் அவன் நடக்கிற இடத்தில்
ரெண்டு பேரும் சிட்டைப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்து
மூக்கை உறிஞ்சினோம்.
முதலாளி எட்டிப் பார்த்து
ஏசியைக் குறைக்கவோ என்று கேட்டார்.

சமிலா அக்கா வீட்டில் சிங்கள நாடகம் ஒன்று.
பாஷை எனக்குப் பாதிதான் ஓடும்.
மாமியார் வாசலில் வந்து நின்றதும்
முழுக்க ஓடியது.

பிறகு ஒரு படம்.
எங்களைப் பற்றியதாம், அக்கரையில் எடுத்தது.
“வாறம், போறம், கதைக்கிறம்”
சொல்லிக் குடுத்தபடி பிழையில்லாமல் சொன்னார்கள்.
ஆனால் இரண்டேகால் மணித்தியாலத்தில்
ஒரு சனமும் சிரிக்கவில்லை.
கிளிவெட்டி முகாமில்
ஒற்றைத் தண்ணிக் குழாய்க்கு வரிசையில் நின்றபடி
ஒரு வாளியின் சொந்தக்காரி ஆரென்று
மூன்று பெண்கள் நாள்முழுக்க வழக்காடினதும்
கடைசியில் அந்த வாளி ஓட்டை என்று தெரிந்ததும்
படத்தில் வராது.
வந்தால் நம்பமாட்டார்கள்.
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் ஓடுகிற கட்டத்தை
விரலால் தள்ளிவிட்டேன்.
அது படத்தின் பிழை இல்லை.

சனிக்கிழமைதான் பெரிய படம்.
போன வருசம் உட்துறைமுக வீதியை
இரண்டு நாள் மறித்து எடுத்தது.
நிரூபனின் ஆட்டோவையும் அவனையும் சேர்த்து வாடகைக்கு எடுத்து
இலக்கத்தகட்டின்மேல் வேற நாட்டு இலக்கம் ஒட்டினார்கள்.
மச்சாள், அவளுடைய பிள்ளைகள், பக்கத்து வீட்டு அருளானந்தம்,
எல்லோரும் பாயில் குந்தியிருக்க
எங்கள் கடல் அதில் ஏதோ ஒரு தீவு.
எங்கள் ரோட்டில் எவரும் எங்களைப்போல் இல்லை.
கதை? ஒரு பெட்டி. பெட்டிக்குள் காசு.
காசுக்குப் பின்னால் எல்லோரும் ஓட்டம்.
ஒரு மணி நாற்பது நிமிசத்தில்
கதாநாயகன் நடுரோட்டில் நின்று காதலுக்காகக் கத்துகிறான்.
அவனுக்குப் பின்னால்
ஊர்மான் ஒன்று, வாழைத்தோல் சப்பியபடி
தலையை நிமிர்த்திக் கமராவைப் பார்த்தது.
சரி, பிறகு? என்பது மாதிரி.
பார்த்துவிட்டுத் தன்பாட்டில் ரோட்டைக் கடந்து போனது.
அந்தப் படத்தில் நடிக்கத் தெரிந்தது
அது ஒன்றுதான்.

நிரூபன் வந்தது மூன்று செக்கன்.
முகம் இல்லை, முழங்கை மட்டும்.
“நிப்பாட்டு, பின்னால் எடு” என்று
நாலு தரம் பார்த்தார்கள்.
அவன் மாத்திரம் குசினிக்குள் போய்
தேவையில்லாமல் ஒரு பானையைக் கழுவினான்.

ஞாயிறு சந்தைக்குப் போகும்போது
முழங்கையை வெளியே போட்டு ஓட்டினான்.
“வெயில் சுடும், உள்ளுக்கு எடு” என்றேன்.
எடுக்கவில்லை.
கடற்கரைத் திருப்பம் வரைக்கும்
அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.