இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்

செம்பூர் கிளையில் என் டோக்கன் ஐம்பத்தெட்டு.
அவர் ஐம்பத்தொன்பதைக் கிழித்துக்கொண்டு
தூணுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.
ஒரே வேலைக்கு இரண்டு டோக்கனா என்று
காவலாளி சிரித்தான்.
நாங்களும் சிரித்தோம்,
வேறு வேறு நேரத்தில்.

சாவந்த் மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
கணக்கின் தலைப்பை வாசிக்கிறார்:
இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்.
தாராவி தேவாலயத்தில் மோதிரம் மாற்றிய மறுவாரம்
இதே மேசையில் கையெழுத்துப் போட்டபோது
எஞ்சுவதென்றால் சாவு என்றுதான் நினைத்தேன்.
எஞ்சுவதற்கு வேறு வழிகளும் இருக்கின்றன என்று
படிவத்தில் ஒரு வரி இல்லை.

இருப்பு
இரண்டு லட்சத்துப் பதினாலாயிரத்து முந்நூற்று ஏழு.
பாதியாக வகுத்தால் ஐம்பது காசு இடிக்கிறது.
"நீயே வச்சுக்கோ."
பதினாலு வருஷத்தில் சண்டையில்லாமல்
அவர் விட்டுக்கொடுத்த முதல் தொகை.
குறித்துக்கொண்டேன்.

குறித்துக்கொள்வதுதான் இப்போது என் ராத்திரி ஜெபம்.
நீல அட்டை நோட்டு, நாற்பது ரூபாய்,
அதுவே முதல் பக்கத்தின் முதல் செலவு.

கல்யாணில் ஓர் அறையும் சமையற்கட்டும்,
பதினோரு மாத ஒப்பந்தம்.
அட்வான்ஸுக்குக் கழுத்துச் சங்கிலி போனது.
அடகு வைக்கவில்லை, விற்றேன்.
அடகென்றால் மீட்கவேண்டும் என்று
மனசு அரித்துக்கொண்டேயிருக்கும்.
"ஃபேமிலியா?" என்று புரோக்கர் கேட்டான்.
ஒன்றரை டிக்கெட் என்றேன்.
அதற்கும் முழு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டான்.

முதல் வகுப்பு பாஸை விட்டாயிற்று.
பெண்கள் பெட்டியில் பட்டாணி உரித்தபடி
சீட்டு நடத்துகிறாள் வைஷாலி.
மாசம் ஆயிரம், பதினைந்து பேர், குலுக்கல்.
உன் பெயர் எப்போது விழும் என்று
சொல்லமுடியாது தாயி, என்கிறாள்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
மூன்று வாரமாக யோசிக்கிறேன்,
அவளுடைய பட்டாணியையும் உரித்துக்கொடுத்துக்கொண்டு.

சம்பளம் முப்பத்தெட்டாயிரம்.
தசமபாகம் என்றால் மூவாயிரத்து எண்ணூறு.
போன மாதம் உறைக்குள் நூறு மட்டும் வைத்தேன்.
ஆண்டவருக்கு என் கணக்கு தெரியும்.
கமிட்டிக்காரருக்குத்தான்
உறையைத் தடவிப் பார்க்கும் பழக்கம்.

"புதுக் கணக்குக்கு நாமினி?"
ஜெனிலா, மகள், பதினோரு வயசு.
"மைனர்தானே, அப்படியானால் அவள் சார்பில்
வாங்கிக்கொள்ள ஒரு பெரியவர் பெயர் எழுதுங்கள்."

அம்மா இல்லை.
தம்பி மஸ்கட்டில்,
அவன் கடனுக்கே நான்தான் ஜாமீன்.
சபையில் யாராவது? உறையைத் தடவும் கை
நினைவுக்கு வந்தது.
பேனாவை மேசையோடு நூல் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.
அந்த நூலின் நீளத்துக்குள் யோசித்தாக வேண்டும்.

தூணுக்கு அப்பால்
அவருடைய வழுக்கை மட்டும் தெரிகிறது.
ஜெனிலாவின் பள்ளிக்கூட ஃபீஸை
ஒரு தவணைகூடப் பிந்தியதில்லை.
குடித்ததில்லை என்று சொல்லமாட்டேன்.
என் சம்பளத்தை என்னைக் கேட்காமல்
யாருக்கோ எடுத்துக் கொடுத்ததில்லை என்று
சொல்லவேமாட்டேன்.
ஃபீஸ் மட்டும் பிந்தியதில்லை.

எழுதினேன்: ஜே. சாம்ராஜ்.
உறவு என்ற கட்டத்தில்: தந்தை.
எனக்கு என்ன உறவென்று
படிவம் கேட்கவில்லை, நல்லவேளை.
சாவந்த் மேடம் ஒருமுறை தூணைப் பார்த்தார்,
ஒருமுறை என்னைப் பார்த்தார்,
சற்றுப் பலமாகவே முத்திரை குத்தினார்.

"கிரேஸ், முடிஞ்சுதா?" என்றார் அவர், எழுந்தபடி.
முடிஞ்சுது.
எதையெல்லாம் என்று இருவரும் விளக்கவில்லை.

பஸ்ஸுக்கான காசை மிச்சம் பிடித்து
ஸ்டேஷன்வரை நடந்தேன்.
குர்லாவில் மாறி ஏறியபோது
ஜன்னலோரம் வைஷாலி,
மடியில் இன்றைக்கு வெந்தயக்கீரை.
ஆயிரத்தை எண்ணி நீட்டினேன்.
என் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி
நாலாக மடித்து
கீரை ஈரம் படாமல்
ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.