இரண்டு விரிப்புகளில் ஒரு வினைச்சொல்

பூட்டு செய்யும் ஆலையைப்
பூட்டப் போகிறார்களாம்.
செவ்வாய் இரவு, உணவுக்கூடத் தரையில்
லுதிவீன் வீட்டுக் கட்டில் விரிப்புகள் இரண்டு,
ஒன்றில் வெளுத்த நீலப் பூ,
அரை வாளி கறுப்புச் சாயம்.

எழுத வேண்டியது நான்கே சொல்:
நூ ந பர்திரோன் பா.
நாங்கள் போக மாட்டோம்.
அதில் மூன்று எஸ் உண்டு. மூன்றும் ஊமை.
சாயம் மட்டும் குடிக்கும்.

குபியாக் அளந்தார்,
சாவிக்குப் பல் வெட்டும் அதே அளவுகோலால்.
தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு சன்னல்
அந்தப் பக்கம் ஒரு சன்னல்.
வினைச்சொல் நேராகத் தூணில் போய் முட்டியது.
எங்காவது வெட்டியே ஆகவேண்டும்.

பர் என்று நிறுத்தினால்
மறு விரிப்பில் மிஞ்சுவது திரோன் பா,
சுடாதிருப்போம்.
"வாசலில் காவல்துறை வண்டி நிற்கிறது,
நாம் எதற்கு அந்தப் பேச்சை எடுக்கணும்?"
என்றார் ரெஜிஸ்.

பர்தி என்று நிறுத்தினால்
போயாச்சு என்று பொருள்.
காற்று மறு விரிப்பைச் சுருட்டும் நொடிக்காக
மேலாளர் கைப்பேசியோடு காத்திருப்பார்.

"அப்படியானால் பர்திர். அப்புறம் ஓன்.
பகுதி, விகுதி. கணக்கு சரி" என்றார் குபியாக்.

லுதிவீன் ஆசிரியப் பயிற்சியைப் பாதியில் விட்டவள்.
பொட்டலம் கட்டும் பிரிவு.
"எலும்பு அங்கேதான் பிரிகிறது, உண்மை.
பர்திர், போதல்.
ஓன், ஒரு காலத்தில் தனிச்சொல்,
'நமக்கு உண்டு' என்றிருந்தது.
போகும் கடன் நமக்கு உண்டு,
தேய்ந்து தேய்ந்து
போவோம் ஆயிற்று.
ஆனால் வாய் எலும்பு பார்த்து வெட்டாது.
ர் வெறும் மெய்.
பின்னால் உயிர் நின்றால்
தாவி அதன் இடுப்பில் ஏறிக்கொள்ளும்."
மேசையைத் தட்டிக் காட்டினாள்:
பர். தி. ரோன்.
மூன்று அசை,
அசையமாட்டோம் என்பதற்கு.

நான் தூரிகையோடு நின்றிருந்தேன்.
ஆறு மாத ஒப்பந்தம், வெள்ளியோடு சரி.
ஆலை ஓடினாலும் நின்றாலும் நான் போவேன்:
தன்மை ஒருமை, எதிர்காலம்,
முன்னால் ந இல்லை, பின்னால் பா இல்லை.
அதை அங்கே யாரும் எடுக்கவில்லை.
எனக்கு அந்த ர் மேல்தான் கண்.
இலக்கணம் கேட்டால் போதலின் ஆள்,
நாக்கைக் கேட்டால் நம்ம ஆள்.

வெட்டவில்லை கடைசியில்.
இரண்டையும் ஊக்கு குத்தி இணைத்து
தூணைச் சுற்றியே போர்த்தினோம்.
ர் வளைவில் விழுந்தது.
இடமிருந்து வந்தவருக்கு போயாச்சு.
வலமிருந்து வந்தவருக்கு வெறும் ஓன் பா,
ஒன்றுமே புரிந்திருக்காது.
நேர் எதிரே, ரொட்டிக் கடை வாசலில்
நின்றால் மட்டும் முழுச்சொல்.

காலையில் ரெஜிஸ் வாளியைக் கவிழ்த்து அடித்தார்.
பர். தி. ரோன்.
நானும் கத்தினேன், தொண்டையின் அடியில்
கரகரத்து எழும்பும் அந்த ஒலியை
கொஞ்சம் அதிகமாகவே.

வெள்ளி மாலை நுழைவட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
ரொட்டிக் கடைப் பக்கமாக நடந்தேன்.
மழை. ர் மட்டும் கால் வழிந்து
நீலப் பூவரை இறங்கியிருந்தது.
மற்ற எட்டும் அப்படியே.