சீரான வேகத்தில்

முந்நூறு மீட்டர் நீளமுள்ள ரயில்
மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில்
ஒரு கம்பத்தைக் கடக்க எத்தனை நொடி?

அந்தக் கம்பம் நான்தான்.
செட்டிநாடு ஸ்டேஷனுக்குத் தெற்கே
கருவேலங்காட்டு நடுவில் என் கேட்டு.
பச்சைக் கொடியை நீட்டியபடி
பதினைந்து நொடி நிற்கிறேன்.
முந்தானை அடங்க இன்னும் இரண்டு.
அதைப் புத்தகம் கேட்பதில்லை.

போன் அடிக்கும். அழகுமீனா, மூடியாச்சா?
மூடியாச்சு சார். தனி எண் நாற்பத்தேழு.
அதற்குள் கேட்டுக்கு அந்தப் பக்கம்
கணக்கில் வருகிறவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்துவிடுவார்கள்.
காலை ஆறு மணிக்குச் சைக்கிளில் புறப்பட்ட ஆனா,
அரைமணி கழித்து பைக்கில் துரத்தும் ஆவன்னா,
பள்ளத்தூர்க் கல்யாணத்துக்கு
அண்டா குண்டாவோடு போகும் வேன்.
ஆவன்னா ஆனாவை இங்கேயே பிடித்துவிடுகிறான்,
விடைப் பக்கத்தில் போட்டிருப்பதற்கு
ஏழு கிலோமீட்டர் முன்னாலேயே.
பிறகு இருவரும் சேர்ந்து என்னைத் திட்டுகிறார்கள்.

சீரான வேகம் என்று எழுதியவர்
என் கேட்டில் ஒருமுறையாவது நின்றிருக்க வேண்டும்.

துறைத் தேர்வு ஞாயிற்றுக்கிழமை, காரைக்குடியில்.
பன்னிரண்டு கிலோமீட்டர்.
மாற்று ஆள் வேலாயுதம் பிந்தி வந்ததில்
டிவிஎஸ்ஸை முப்பதில் விரட்டினேன்,
அதற்குமேல் போனால் அது இருமும்.
இருபத்துநாலாவது நிமிடம் பள்ளிக்கூட வாசல்.

பதினேழாம் கேள்வி.
போகையில் முப்பது, வருகையில் இருபது,
தூரம் ஒன்றே. சராசரி வேகம் என்ன?
கூட்டினேன், பாதியாக்கினேன், இருபத்தைந்து.
இவ்வளவு சும்மா ஒரு மார்க்கைக் கொடுப்பார்களா என்று
சந்தேகம்கூட வரவில்லை.
வட்டத்தை ஆசையாகக் கறுப்பாக்கினேன்.

திரும்புகையில் அவசரமில்லை.
கோட்டையூரில் செங்கல் லாரி ஒன்றின் பின்னால் மாட்டி
முள் இருபதிலேயே ஒட்டிக்கொண்டது.
பூட்டிய வீடுகளின் மதில்
ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெரு வரை.
காலையில் இது இத்தனை நீளமாகவா இருந்தது?

பள்ளத்தூர் தாண்டி மணி பார்த்தேன்.
போனது இருபத்துநாலு நிமிடம்.
இந்த லட்சணத்தில் வருவது முப்பத்தாறு.
கூட்டினால் பிசகாமல் ஒரு மணி நேரம்.
போக வர இருபத்துநாலு கிலோமீட்டர்.

இருபத்துநாலு.

அட பாவி.
தூரம்தான் பாதிப் பாதி,
நேரம் அப்படிப் பிரியவில்லை.
இருபதில்தானே நான் அதிக நேரம் இருந்தேன்,
அந்த மதிலையும் லாரியின் பின்பக்கத்தையும்
பார்த்துக்கொண்டு.
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
லாரிக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து
வழிவிட்டார்.
நான் முந்தவில்லை.
கணக்கு கெட்டுவிடும்.

முப்பத்தாறாம் நிமிடம் கேட்டு வந்தது.
மூடியிருந்தது.
அந்தப் பக்கம் வேலாயுதம்,
கையில் கொடி, என்னைத் தெரியாத முகம்.
எஞ்சினை அணைத்தேன்.
பக்கத்து பைக்காரர் கேட் கீப்பரைத் திட்டினார்.
நானும் கொஞ்சம் திட்டினேன்.

எட்டு நிமிடம்.
அதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.